எங்கே என்று கேட்டுவிட்டால்

என் மதினியோடு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை ஒரு தரமாவது முழுசாகச் சுற்றி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவரைக் கட்டி இத்தனை காலம் குடும்பம் நடத்திய என் அண்ணனுக்கும் கிடைக்கவில்லை. மதினியோடு தாராளமாகக் கிளம்பலாம். கிளம்புவதில் ஒரு குறையும் இருக்காது. சேலையை உதறிக் கட்டி, தலையைப் படிய வாரி, கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நமக்கு முன்னால் தெருவில் இறங்கிவிடுவார். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் போகும். அங்கே யாராவது ஒரு புண்ணியவான் கேட்டுவிடுவார், "எங்கிட்டுப் போறீக?" என்று. அதோடு சரி. மதினி திரும்பிவிடுவார்.

கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்கிறவர்கள் "தூரமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். "ஆமா, இப்பிடித்தான்" என்று பதில் வரும். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாமல், இரண்டு பேருக்கும் திருப்தியாகிவிடும். ஆனால் மனிதர் வாய் சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மனசுக்குள் "முருகா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். மதினி மட்டும் விட மாட்டார். வீட்டுக்குத் திரும்பி, பூட்டைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, செம்பிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் மறுபடி கிளம்புவார். மறுபடி யாராவது கேட்டால் மறுபடி தண்ணீர்.

இத்தனைக்கும் வேறு எந்தச் சகுனத்தையும் அவர் மதித்தவர் இல்லை. பூனை குறுக்கே போனால், "அதுக்கு என்ன சோலியோ, அது போகுது" என்பார். பல்லி கத்தினால் பசிக்கிறது என்பார். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டுவார். இந்த ஒன்றில் மட்டும் அசைய மாட்டார். ஏன் மதினி இப்படி என்று கேட்டால், "கேட்டுட்டாகள்ல?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

மதினி இப்போது இல்லை. இல்லாதவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லத்தான் போகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

பரமக்குடியில் அவருடைய சித்தி மகளுக்குக் கல்யாணம். வேன் பிடித்து, சொந்தபந்தமெல்லாம் அதில் ஏறி, சீர்த்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு விடியக்காலம் கிளம்பினோம். வேன் மெயின் ரோட்டில் ஏறப்போகிற இடத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை விட்டு, "என்ன, எல்லாரும் சேந்து எங்க கிளம்பிட்டீக?" என்றார். சந்தோஷத்தில் கேட்டார், பாவம். மதினி வேனை நிறுத்தச் சொன்னார். எங்கள் சித்தப்பாவிலிருந்து டிரைவர் வரைக்கும் கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வேன் திரும்பியது. வீட்டுக்குள் இருபது பேர் சீர்த்தட்டோடு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தோம். பரமக்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மதினி முன்னால் போய் மணப்பெண்ணின் கன்னத்தை வழித்து, "ஒனக்காகத்தான்டி திரும்புனேன். நல்லா இருப்ப" என்றார். அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் இருக்கிறாள். அதை எடுத்துச் சொல்லி எங்கள் வாயை அடைப்பதற்கென்றே நன்றாக இருக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்படியானால் பஸ்ஸில் எப்படிப் போவார் என்று கேட்பீர்கள். கண்டக்டருக்கு வேலையே எங்கே என்று கேட்பதுதானே. அதற்கும் வழி வைத்திருந்தார். பஸ்ஸில் ஏறிய காலோடு, கண்டக்டர் பின் படிக்கட்டில் நின்றாலும் சரி, "ராம்நாடு ரெண்டு!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்துவிடுவார். ஒரு தடவை ஏர்வாடி தர்காவுக்குப் போகும்போது கண்டக்டர் முந்திக்கொண்டார். மதினி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். அண்ணனும் இறங்கினார், வேறு என்ன செய்வார். வீட்டுக்குத் திரும்ப வெகுதூரம் என்பதால், ரோட்டோரத்தில் இருந்த ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு, வாசலில் உட்கார்ந்து குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்று மதினியே ஒரு சலுகை கொடுத்தார். அந்த வீட்டு அம்மா செம்பை நீட்டிக்கொண்டே அன்பாகக் கேட்டார், "இந்த வெயில்ல எங்க ஆத்தா போறீக?" அன்றைக்கு ஏர்வாடி போகவில்லை.

இதை வைத்து நான் அவரைப் படுத்தாத பாடு இல்லை. "நல்லவேளை மதினி, நீங்க பொறக்கக் கிளம்பயில யாரும் கேக்கல. கேட்டிருந்தா எங்க அண்ணனுக்குப் பொண்ணே கெடச்சிருக்காது" என்று ஒரு பொங்கலன்று சொன்னேன். புரையேறும் அளவுக்குச் சிரித்தார். சிரித்துவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். கோபம் என்பது அவருக்கு வராது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். சண்டை போடவாவது விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நான் மதுரையில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே வேலை பார்ப்பதாலேயே எனக்கு வைத்தியமும் தெரியும் என்று ஊரில் நினைப்பு. ஒரு மார்கழிக் கடைசியில் அண்ணன் போன் செய்தார். அண்ணன் போன் என்றால் "மழை உண்டா? சரி, வச்சிர்றேன்" என்கிற அளவுதான். அன்றைக்கு மழையைக் கேட்டுவிட்டும் வைக்கவில்லை. பிறகு, "ஏலே, ஒங்க மதினிக்கு மாருல ஒரு கட்டி இருக்குதுடா" என்றார்.

தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கூடத் தள்ளாதீர்கள், உடனே மதுரைக்குப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். தீபாவளி போய், கார்த்திகை போய், மார்கழியும் முடியப்போகிறது. ஏன் இன்னும் வரவில்லை என்று நான் கத்தினேன். "கிளம்புனோம்டா. நாலஞ்சு தடவ கிளம்பிட்டோம்" என்றார் அண்ணன். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியுமே. கேட்டிருப்பார்கள். போனை வைத்துவிட்டுச் சுவரில் ஒரு குத்துக் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் வைத்து அவரிடம் அந்தப் பேச்சை எடுத்தால் அடுப்பில் என்னமோ பொங்குகிறது என்று எழுந்து போய்விடுகிறாராம். அதனால் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். நீ சனி, ஞாயிறு இரண்டு நாள் வா, நடக்கக் கூட்டிப் போ, கண்மாய்க் கரையில் வைத்துப் பேசு, திங்கட்கிழமை கையோடு மதுரைக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றார். எனக்கும் சர்க்கரை ஏறிக் கிடந்தது. சனி, ஞாயிறில் ஏரிக்கரை உள்ள சின்ன ஊராகப் பார்த்துப் போய் நிம்மதியாக நடந்துவிட்டு வாருங்கள், பாதி நோய் போய்விடும் என்று எங்கள் கடை மேனேஜர் போனில் படமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அதில் இருந்த எந்த ஏரியும் எங்கள் கண்மாய்க்கு உறை போடக் காணாது. தெரிந்தவர்களைப் பிடித்து, காலில் விழாத குறையாகத் திங்கட்கிழமைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கினேன். ஒரு ஜோடி ஷூவும் வாங்கினேன். நிம்மதியாக நடக்கப் போகிறேனாம்.

தை பிறந்திருந்தது. கண்மாய் தளும்பக் கிடந்தது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரம் ஒவ்வொன்றிலும் கொக்கும் கூழைக்கடாவும் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊரையே இரைச்சலாக்கின. சனிக்கிழமை காலையில் மதினி என் ஷூவைப் பார்த்து, "என்ன தம்பி, போலீசுல சேந்துட்டீகளா?" என்றார். நடக்க வரச் சொல்லி டாக்டர் உத்தரவு, தனியாக நடந்தால் மயக்கம் வரும், நீங்களும் வாருங்கள் என்று புளுகினேன். உடனே சேலையை உதறிக் கட்டிவிட்டார். எனக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அப்படித்தான் வருவார். தனக்கு என்றால்தான் வர மாட்டார்.

தெருமுனையில் முத்துராக்கு அக்கா பணியாரம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். குழியில் மாவை ஊற்றுகிற வேகத்தில் தலையைக்கூடத் தூக்காமல், "காலங்காத்தால எங்க?" என்றார். திரும்பினோம். தண்ணீர் குடித்தோம். இரண்டாவது தடவை முத்துராக்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கரையில் ஏறி, தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டோம். பேச வாயைத் திறந்தேன், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பிரேக் போட்டு, "எங்க நடந்து போறீக, ஏறுங்க, விட்டுர்றேன்" என்றார். உதவி செய்கிறாராம். மறுபடி திரும்பினோம். சாயங்காலம் போனோம், திரும்பினோம். என் குதிகாலில் ஷூ கடித்துக் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

இடையில் கிடைத்த இடைவெளியில் நான் பேசாமல் இல்லை. "மதினி, அந்த நர்ஸம்மா சொன்னது" என்று ஆரம்பித்தால், "அங்கன பாருங்க, கூழைக்கடா முழுங்குறத" என்பார். "திங்கக்கிழமை மதுரைக்கு" என்றால், முந்தானையிலிருந்து ஒரு பனங்கிழங்கை எடுத்து நாரை உரித்து என் கையில் கொடுப்பார். கிழங்கை மென்றுகொண்டு கட்டியைப் பற்றி எப்படிப் பேசுவது? அவர் என்னைவிட வேகமாக நடந்தார். பார்த்தால் நோவு உள்ளவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சமயம் எனக்கே எல்லாம் பொய்யோ என்று தோன்றியது. அப்போது காற்றில் முந்தானை விலக, அவர் சட்டென்று இடது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார். மூடிய விதத்திலேயே பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் உஷாரானேன். கண்மாய்க்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று முத்துராக்கு அக்கா தெரு. இன்னொன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், முள்ளும் குப்பையுமாக, ஈ காக்கை இல்லாத வழி. நேற்று முழுக்க அந்த வழியாகப் போகவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு இப்படிப் போவோம் என்று பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகத் திருப்பினேன். முள் குத்தும் என்றார். செருப்புப் போட்டிருக்கிறீர்களே என்றேன். நாய் கிடக்கும் என்றார். இல்லை. ஒருவரும் கேட்காமல் கரை ஏறினோம். கலுங்கையும் தாண்டினோம். என் ஆயுசில் மதினியோடு அந்த இடத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

சந்தோஷப்பட வேண்டியவர் மதினி. ஆனால் அவருடைய நடை குறைந்துகொண்டே வந்தது. முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எதிரே வந்தார், பேசாமல் போய்விட்டார். மதினி நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று நான் போட்டு உடைத்தேன். நாளைக்கு மதுரைக்குப் போகிறோம், டாக்டரிடம் சொல்லி வைத்தாயிற்று, நானும் அண்ணனும் கூடவே இருப்போம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப்போட்டால் விபரீதமாகும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மதினி "ம்" என்றார். அடுத்த "ம்" வருவதற்குள், கரையோரத்தில் தொப்பி போட்ட ஒருவர் கேமராவை நட்டுவைத்துப் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று அவரிடம் போனார். எந்த ஊர், சாப்பிட்டாச்சா, இந்தக் குருவியைப் படம் பிடிக்கவா இவ்வளவு தூரம் என்று இவராகவே பேச்சுக் கொடுத்தார். அந்த மனிதரும் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று, "நீங்க எங்கம்மா போறீங்க?" என்றார்.

மதினி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் முகம்.

"கேட்டுட்டாரு தம்பி. வாங்க, திரும்பிருவோம்."

திரும்பி நடக்கையில் எனக்குக் காது அடைத்துப்போகிற அளவுக்குக் கோபம். "மதினி, அவரு கேக்கல. நீங்கதான் கேக்க வச்சீக" என்றேன். "நான் எதுக்குக் கேக்க வைக்கப்போறேன். நல்ல மனுசன், கேட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கண்மாயைப் பார்த்துக்கொண்டே வந்தார். மத்தியானம் மீன் குழம்பில் எனக்கு மட்டும் இரண்டு துண்டு கூடப் போட்டார். நான் அதையும் தின்றேன். பரமக்குடிக்குப் போன வேன் திரும்பியதும், ஏர்வாடி பஸ்ஸில் இறங்கியதும் நிஜமான பயமா, அல்லது அப்போதும் போக மனசில்லாமல்தானா என்று யோசித்துப் பார்த்தேன். இன்றுவரைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. நம்பிக்கைக்கும் சாக்குக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாழ்நாளில் பக்கத்து வீட்டில் ஒரு தீப்பெட்டி கேட்கக் கூச்சப்படுகிற மனிதர், அன்று சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கி, நாளைக்கு நாங்கள் கிளம்புகிறோம், அவளை யாரும் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம் விஷயத்தையும் சொல்லியிருக்கிறார். அவருக்கு மறைத்துப் பேசத் தெரியாது. அங்கேதான் பிசகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் தெருவில் இறங்கினோம். அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால், நடுவில் மதினி, பின்னால் நான், திரும்பினால் மறிப்பதற்கு. ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, ஒருவரும் எதுவுமே பேசவில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பேசாதே என்றால் பேசாமல் இருக்கத் தெரியுமே தவிர, பேசாமல் இருக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

மதினியின் நடை தளர்ந்தது. என்னிடம் திரும்பாமலேயே கேட்டார்.

"ஏன் தம்பி எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாக? பொணம் போனாத்தான இப்பிடி நிப்பாக."

இவர்களை ஊமையாக்கியதற்குப் பதில், நாலு பேரை விட்டு எங்கே எங்கே என்று கேட்கவே வைத்திருக்கலாம். சும்மா நடங்க மதினி என்று முதுகில் கை வைத்தேன். முத்துராக்கு அக்காவின் அடுப்பைத் தாண்டும்போது மதினி நின்றேவிட்டார். அக்கா கரண்டியும் கையுமாக முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். பணியாரம் கருகுகிற வாசனை வந்தது, அவர் எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. மதினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். நான் மறிக்க வேண்டியிருக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கும் சேதி போயிருந்தது போல, எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மதினி என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வியர்த்திருந்தது.

"தம்பி, ஒருத்தரும் கேக்கலயே."

"அதுக்கென்ன மதினி, நல்லதுதான."

"நீங்களாச்சும் கேளுங்க."

இரண்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டுவிட்டு உங்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பவா, காலில் விழுந்து வாங்கிய நேரம் மதினி, இன்றைக்கு விட்டால் இனி எப்போது, உங்களுக்கு எங்களைப் பற்றி ஒரு நினைப்பு இருக்கிறதா இல்லையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"திரும்ப மாட்டேன். கேளுங்க தம்பி."

அண்ணன் கூடையைக் கீழே வைக்காமலே, "கேளேன்டா" என்றார்.

"எங்க போறீக மதினி?"

முந்தானையை இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாருல ஒரு கட்டி தம்பி. மதுரைக்குக் காட்டப் போறேன். எனக்குப் பயமா இருக்கு."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் கூடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருவர் வந்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவா இத்தனை மாசம் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பஸ் வந்தது. மதினி முதலில் ஏறினார்.

பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை. அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், படிய வாரிய அந்தத் தலைமுடி போயிற்று. அடுத்த தை வரைக்கும் இருந்தார். முன்னாலேயே வந்திருந்தால் என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

அந்த முதல் நாளில், பரிசோதித்து முடித்ததும் டாக்டர் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண் டாக்டர். கட்டி ரொம்பப் பெரிதாகிவிட்டது என்றார். தீபாவளிக்கு முன்னாலேயே தெரிந்தும் இத்தனை நாள் சும்மாவா இருந்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். படித்த பெண்ணிடம் இதை எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது? மதினிதான் பதில் சொன்னார்.

"சும்மா இருக்கல தாயி. கிளம்பிக்கிட்டேதான் இருந்தேன்."